தாச்சியில் பொரித்த பெயாரிங்

புது மாப்பிள்ளையை ஒரு வேலையும் செய்ய விடாமல் கதிரையில் இருத்தி வைப்பது மரியாதை என்றுதான் எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது மரியாதை அல்ல, பாதுகாப்பு ஏற்பாடு. எத்தனையோ தலைமுறை மாமனார்கள் கிணற்றுக் கப்பியையும் வீட்டுக் கூரையையும் பறிகொடுத்துத் தெளிந்த பிறகே இந்த வழக்கத்தைக் கொண்டுவந்திருக்க வேண்டும். கண்டாவளையில் என் மாமனார் வீட்டில் அதை ஒரே ஒரு நாள் தளர்த்திப் பார்த்தார்கள்.

எண்பதுகளின் தொடக்கம். கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞன். மாமா குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்துக் காடு வெட்டி வயலாக்கியவர். அவரும் மாமியும் என் மனைவி வசந்தாவும் குசினிக்குள் இருந்தால் சிரிப்பும் சண்டையுமாக வீடு அதிரும். நான் எட்டிப் பார்த்தால் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். "வாங்கோ தம்பி, என்ன வேணும்?" என்று மாமி எழும்பி நிற்பார். எனக்கு வேண்டியது அந்தச் சண்டைக்குள் ஓர் இடம். அதை எப்படிக் கேட்பது?

(இதற்கு ஒரு காரணம் உண்டு. சிறுவயதிலேயே அம்மா போய்விட்டார். பெரியம்மா வீட்டில் வளர்ந்தேன். நல்ல மனிதர்கள். ஆனால் நான் கண்ணாடிக் கிளாசை உடைத்தாலும், "தாயில்லாப் பிள்ளை, ஒண்டும் சொல்லாதேங்கோ" என்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளுக்கு அதே குற்றத்துக்கு நல்ல ஏச்சு விழும். ஏச்சு வாங்கியவர்களைப் பொறாமையோடு பார்த்துக்கொண்டே நான் பெரியவனானேன்.)

அந்த முறை நாங்கள் கண்டாவளைக்குப் போனபோது அறுவடை முடிந்து, வெட்டிய கதிர் எல்லாம் வயற்கரையில் பெரிய குவியலாக, சூடாக, வைக்கப்பட்டிருந்தது. மாமாவிடம் எங்கோ பண்ணை ஒன்றில் கழித்துவிட்டதை வாங்கிய சூடடிக்கிற மிசின் ஒன்று இருந்தது. உழவு இயந்திரத்திலிருந்து ஒரு பெல்ட் வந்து மிசினின் பெரிய இரும்புச் சில்லைச் சுற்றும். சில்லோடு உள்ளே உருளை சுற்றும். நெற்கதிரைக் கொடுத்தால் நெல் வேறு, வைக்கோல் வேறு. அன்று காலை அது கொடுத்ததெல்லாம் ஓலம் மட்டுந்தான். உருளைத் தண்டின் பெயாரிங் தேய்ந்துபோயிருந்தது. வானத்தில் பருவம் தப்பிய கறுப்பு மேகம்.

மாமா கிளிநொச்சிக்கு ஓடி, அந்த அளவில் கடையில் கிடந்த ஒரேயொரு புதுப் பெயாரிங்கை வாங்கி வந்தார். ஆனால் பூட்டுகிற ஆள் இரண்டு நாளைக்கு வர ஏலாதாம்.

"மாமா, இது சின்ன வேலை. நான் பாக்கிறன்" என்றேன்.

கந்தோர் அலுமாரியில் இயந்திரப் பராமரிப்பு பற்றிய தடித்த புத்தகம் ஒன்று கிடந்தது. வேலை குறைந்த பின்னேரங்களில் அதை வாசித்திருந்தேன். (பாதிவரை. மிகுதியை வாசிக்கு முன் யாரோ இரவல் கொண்டுபோய்விட்டார். என் கல்வியின் வரலாறே ஏறக்குறைய அதுதான்.)

மாமா வசந்தாவைப் பார்த்தார். வசந்தா நிலத்தைப் பார்த்தாள். புது மாப்பிள்ளைக்கு 'வேண்டாம்' சொல்லும் முறை அந்த வீட்டில் இருக்கவில்லை.

"அதுக்கென்ன தம்பி, பாருங்கோவன்."

பெயாரிங்கைக் கழற்ற முதல் அதற்கு முன்னால் இருக்கிற சில்லைக் கழற்ற வேண்டும். சில்லு துருவேறித் தண்டோடு ஒன்றிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன். சுத்தியலால் தட்டினேன். பிறகு அடித்தேன். பிறகு அந்தச் சில்லு எனக்குத் தனிப்பட்ட துரோகம் செய்ததுபோல அடித்தேன். அயலில் நின்ற மாடுகள் இடம் மாறின.

"தம்பி, அந்தக் கழுத்தடியில ஏதும் சின்ன ஸ்குறூ ஆணி கிடக்குமோ?" என்றார் மாமா மெதுவாக.

"அது எண்ணெய் விடுற ஓட்டை, மாமா."

"ஓ... சரி சரி. களைச்சுப் போனியள். போய் ஒரு தேத்தண்ணி குடிச்சிட்டு வாங்கோ."

அன்று மாமா எனக்கு எத்தனை தேநீர் தந்தார் என்பது நினைவில்லை. ஒவ்வொரு தேநீரும் 'கையை எடு' என்பதற்கான மரியாதைச் சொல் என்று விளங்கக் கனகாலம் எடுத்தது. நான் குடித்துவிட்டு வந்து ஒரேயொரு தட்டுத்தான் தட்டினேன், சில்லு கழன்று என் கையில் விழுந்தது.

"பாத்தியளே மாமா! எல்லாம் அடிக்கிற பக்குவந்தான்."

"ஓம் தம்பி, படிச்ச ஆக்கள் எண்டால் படிச்ச ஆக்கள்தான்" என்றார் மாமா. அவருடைய ஒரு கை வேட்டி மடிப்புக்குள் எதையோ செருகிக்கொண்டிருந்தது. துருப்பிடித்த அந்த ஸ்குறூ ஆணியை வசந்தா பிறகு எனக்குக் காட்டினாள்.

பழைய பெயாரிங் துண்டு துண்டாக வெளியே வந்தது. புதியதோ தண்டில் ஏற மறுத்தது. மயிரிழை இறுக்கம். இந்த இடத்தில் புத்தகம் எனக்குக் கைகொடுத்தது. பெயாரிங்கை எண்ணெயில் இளஞ்சூடாக்கினால் அது சற்று விரியும், தண்டில் வழுக்கிக்கொண்டு ஏறும். உண்மைதான். இரண்டு பக்கமும் றப்பர் மூடி போட்டு உள்ளே கிறீஸ் நிரப்பிய பெயாரிங்கை அப்படிச் செய்யக்கூடாது என்பது இரவல் போன பாதியில் இருந்திருக்க வேண்டும்.

குசினியில் மாமி பயத்தம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். நாங்கள் திரும்பிப் போகும்போது பெரியம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட ஒரு தகரம் நிறையப் பலகாரம். தாச்சியில் தேங்காய் எண்ணெய் கொதித்துக்கொண்டிருந்தது. சாப்பாட்டுச் சாமான் புழங்குகிற இடமாயிற்றே என்று பெயாரிங்கைக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் கொண்டுபோனேன். (என் மீது இவ்வளவு குறை சொல்பவர்கள் என் துப்புரவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை.)

"மாமி, இதைக் கொஞ்சம் எண்ணெய்க்குள்ள போட்டு எடுக்கலாமோ?"

மாமி பெயாரிங்கைப் பார்த்தார். தாச்சியைப் பார்த்தார். சுவரிலிருந்த சாமி படத்தையும் பார்த்தார்.

"அதுக்கென்ன... போடுங்கோ தம்பி."

"அம்மா!" என்றாள் வசந்தா.

"சும்மா இரடி. அவருக்குத் தெரியும்."

கம்பியில் கட்டி இறக்கினேன். முதலில் சீறியது. தண்ணீரும் கொதியெண்ணெயும் சந்தித்தால் நடப்பது நடந்தது. எண்ணெய் நுரைத்துக்கொண்டு எழும்பியது. றப்பர் உருகியது. கறுப்புக் கிறீஸ் பணியாரங்களுக்கு நடுவே பூப்போல விரிந்தது. "இது வழமையா வாறதுதான்" என்று நான் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் விளிம்பு தாண்டி அடுப்பில் வழிந்தது. குப்பென்று நெருப்பு என் முகத்தளவுக்கு எழுந்தது. நான் கம்பியை விடவில்லை. ஒரேயொரு பெயாரிங் அல்லவா?

"எட விசரா! விடடா அதை! தள்ளு அங்கால!"

மாமி என்னைத் தோளால் இடித்து ஒதுக்கினார். எரிகிற கொள்ளிகளை இழுத்து வெளியே எறிந்தார். பெரிய மூடியைத் தூக்கித் தாச்சியின் மேல் அறைந்தார். நெருப்பு அடங்கியது.

மாமி வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். மாப்பிள்ளையை 'டா' போட்டாயிற்று. 'விசரன்' என்றும் சொல்லியாயிற்று. மாமா வாசலில் நின்று, "தம்பி, ஒரு தேத்தண்ணி..." என்று தொடங்கி, அடுப்பைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"குறை நினையாதேங்கோ தம்பி" என்றார் மாமி. "பயத்தில வாய் தவறி வந்திட்டுது. நீங்கள்..."

அந்த 'நீங்கள்' திரும்பி வருவதைக் கண்டதும் எனக்குப் பதறியது. இவ்வளவு எண்ணெயும் நெருப்பும் செலவழித்து உள்ளே வந்தவனை மறுபடி கதிரைக்கு அனுப்பப் பார்க்கிறார்களே!

"இல்லை மாமி" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டேன். (புகை என்றுதான் எல்லோருக்கும் சொல்லி வைத்திருக்கிறேன்.) "நீங்கள் ஏசுங்கோ. இன்னும் கொஞ்சம் ஏசுங்கோ."

மாமி என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். என்ன விளங்கியதோ தெரியாது. என் கையைப் பிடித்து இழுத்தார்.

"ஏசாமல் உன்னைக் கொஞ்சுறதே? கையைப் பார், வெந்துபோய்க் கிடக்குது. நாலு எழுத்துப் படிச்சா மூளை கழண்டு போமோ? இதில இரு. ஆட்டாதை!"

குடத்துத் தண்ணீரை என் கையில் மெல்ல மெல்ல ஊற்றிக்கொண்டே ஏசினார். என் படிப்பை ஏசினார், கந்தோரை ஏசினார், என்னைத் தெரிவு செய்த கல்யாணத் தரகரை ஏசினார். வசந்தா சுவர்ப் பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். நான் அதுவரை அப்படி ஒரு பாட்டுக் கேட்டதில்லை.

பெயாரிங் செத்துப்போயிற்று. காலையில் மிசினைச் சுற்றிய வாடகை உழவு இயந்திரம் போய்விட்டதால், பக்கத்துக் காணிக்காரரின் உழவு இயந்திரத்தை மாமா கெஞ்சி மறித்துக்கொண்டு வந்தார். சூட்டைப் பரப்பி, சில்லு ஏற்றி மிதிக்கிற பழைய முறை. மழைக்கு முன் முடிக்க எல்லாரும் ஓடினோம். "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய்? வைக்கலை இழு!" என்று மாமி கத்தினார். ஒற்றைக் கையால் இழுத்தேன். கடைசி மூட்டை வீட்டுக்குள் வந்தபின்தான் தூறல் விழுந்தது.

இன்றும் எங்கள் வீட்டில் பயத்தம் பணியாரம் செய்தால், "உள்ளுக்குப் பெயாரிங் கிடக்கோ பார்த்துக் கடியுங்கோ" என்று யாராவது சொல்லாமல் தட்டு நகராது. பேரப்பிள்ளைகள் வரைக்கும் கதை போய்ச் சேர்ந்துவிட்டது. (அவர்களுடைய பதிப்பில் வீடு முழுதாக எரிகிறது.)

அந்த நெருப்புக்குச் சில வருடங்களுக்குப் பிறகு வசந்தாவின் தங்கையைக் கட்டிய மாப்பிள்ளை, நல்ல அமைதியான மனிதர், ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணை, மாமி உங்களோடதான் சண்டை பிடிக்கிறா. என்னை இண்டைக்கும் 'வாங்கோ இருங்கோ' எண்டுதான் கதைக்கிறா. நான் என்ன பிழை விட்டனான்?"

"இன்னும் ஒண்டும் விடேல்லை. அதுதான் பிழை" என்றேன்.

அடுத்த நாள் காலை அவர் கிணற்றடியில் குந்தியிருந்து மாமியின் தண்ணீர் இறைக்கிற மிசினைக் கழற்றிக்கொண்டிருந்தார். மாமி அருகே நின்று, "ஐயோ, உங்களுக்கு ஏன் தம்பி கரைச்சல்? இருங்கோ, தேத்தண்ணி கொண்டு வாறன்" என்று உருகிக்கொண்டிருந்தார். மனிதர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் முழு ஏமாற்றம்.

"பொறும்" என்றேன். "திருப்பிப் பூட்டேக்கை ஏச்சு வரும்."