மாமாவின் இடுப்பும் என் சான்றிதழும்

அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்வதில் நான் சான்றிதழ் வாங்கியவன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. தில்லை நகரில் ஒரு ஓட்டலின் ஏசி ஹாலில், மத்தியானச் சாப்பாடு, இரண்டு வேளை காபி உட்பட, ஒரே நாளில் வாங்கியது. அம்மா அதை லேமினேட் செய்து ஹாலில் மாட்டினாள். மாட்டிய வாரமே நான் செய்த காரியத்தால் அது பிறகு சுவரிலிருந்து இறங்கிவிட்டது. இப்போது எங்கே இருக்கிறது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த வகுப்புக்கு நானாகப் போகவில்லை. நான் வேலை பார்க்கும் ஐ.டி. கம்பெனியில் மேனேஜர் ஒருநாள் கூப்பிட்டார். "வாசு, வேலையெல்லாம் நல்லாத்தான் பண்றீங்க. ஆனா உங்ககிட்ட பேசிட்டுப் போறவங்க பாத்ரூம்ல போய் அழறாங்க. மேல வரணும்னா இது மட்டும் போதாதுங்க. எமோஷனல் இன்டெலிஜென்ஸ்னு ஒரு கிளாஸ் இருக்கு, போய் உக்காந்துட்டு வாங்க" என்றார். அழுதவர்கள் மேல்தான் தப்பு என்று எனக்கு அப்போது உறுதியான எண்ணம். இருந்தாலும் மேலே வர ஆசை. போனேன்.

கோட்டு போட்ட பயிற்சியாளர் மூன்று உத்திகள் சொன்னார். எதிராளி சொன்னதை அவருக்கே திருப்பிச் சொல்ல வேண்டும், அப்போதுதான் நாம் காது கொடுத்துக் கேட்கிறோம் என்று தெரியுமாம். பதில் சொல்லுமுன் கொஞ்ச நேரம் மௌனம் காக்க வேண்டும். மூன்றாவதுதான் பிரம்மாஸ்திரம்: எதிராளி எப்படி உட்கார்கிறாரோ அப்படியே நாமும் உட்கார வேண்டும். அவர் சாய்ந்தால் சாய வேண்டும். அவருக்கே தெரியாமல் அவர் மனசு நம்மிடம் வந்து ஒட்டிக்கொள்ளுமாம். (எனக்குப் புல்லரித்தது. ஏசி அதிகம் என்பதும் ஒரு காரணம்.)

அப்போதுதான் என் தங்கை மைதிலிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பத்திரிகை வேலை முழுக்க என் பொறுப்பு. எங்கள் வீட்டில் முதல் பத்திரிகை தாய்மாமாவுக்கு. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூ எல்லாம் வைத்து, நேரில் போய்ச் சேவித்துவிட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மற்றவர்களுக்கு. நான் என்ன செய்தேன்? பத்திரிகை போனில் வந்த சந்தோஷத்தில், அதை அப்படியே குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிட்டேன். அந்தக் குரூப்பில் மாமாவும் இருக்கிறார்.

சம்பத் மாமா பதிலுக்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போட்டார்.

"அண்ணா வெறும் கட்டைவிரல் போட்டிருக்கான். போச்சு" என்று அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மறுநாளே தட்டோடு ஓடினாள். மாமா வாங்கிக்கொண்டார். "கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துடணும் அண்ணா" என்றதற்கு, "பார்க்கலாம்" என்றார். எங்கள் குடும்பத்தில் 'பார்க்கலாம்' என்றால் 'வரமாட்டேன்' என்று அர்த்தம்.

இது சாதாரண விஷயம் இல்லை. அப்பா வேலைக்காக வடக்கே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருந்த வருஷங்களில் எங்களை வளர்த்ததே மாமாதான். பொன்மலை ரயில்வே பட்டறையில் ஷிப்ட் முடித்து, கை கழுவின சோப்பு வாசனையோடு சைக்கிளில் ஸ்ரீரங்கம் வருவார். மைதிலியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டுதான் தேர் காட்டுவார். எங்கள் கல்யாணங்களில் மாலை மாற்றும்போது பெண்ணை அவள் மாமா தோளில் தூக்கிக்கொள்வார், பிள்ளையை அவன் மாமா. மைதிலிக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து, "என் கல்யாணத்துல மாமா தோள்லதான் ஏறுவேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது அவள், "மாமா வராம எனக்கு மாலை மாத்தலே வேண்டாம்" என்று அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கவலையை விடு. நான் போய் அழைச்சுண்டு வரேன். இதுக்குத்தானே படிச்சிருக்கேன்" என்று சுவரில் தொங்கிய சான்றிதழைக் காட்டினேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நம்பிக்கை இல்லை. வேறு ஆளும் இல்லை.

நல்ல வெயிலில் ஸ்கூட்டரில் காவிரிப் பாலம் தாண்டி பொன்மலை போய்ச் சேர்ந்தேன். மாமா ரிட்டயராகி, பட்டறைக்குப் பக்கத்திலேயே வீடு கட்டிக் குடியிருந்தார். கோமளா மாமி கதவைத் திறந்து, "வாடா, சாப்டியா?" என்றாள். மாமா சோபாவில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். வா என்று சொல்லவில்லை.

நான் எதிரே உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டேன்.

பிறந்ததிலிருந்து மாமா முன்னால் நான் அப்படி உட்கார்ந்ததே இல்லை. தண்ணீர் கொண்டுவந்த மாமி பாதியில் நின்றுவிட்டாள். மாமா என் காலைப் பார்த்தார். பிறகு தன் காலைக் கீழே இறக்கினார். நானும் இறக்கினேன். (ஆஹா, வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.)

"என்னடா விஷயம்?" என்றார்.

நான் மௌனம் காத்தேன். ஃபேன் சத்தம் நன்றாகக் கேட்டது.

"உன்னைத்தாண்டா."

"விஷயம் என்னன்னு தெரிஞ்சுக்கணும்னு உங்களுக்குத் தோணறது" என்றேன்.

மாமா மாமியைப் பார்த்தார். மாமி, "வெயில்ல வந்திருக்கான். மோர் தரேன்" என்று உள்ளே போனாள்.

"என்னை யாரு மதிக்கறா இந்தக் குடும்பத்துல? ஊருக்கெல்லாம் போடற மாதிரி எனக்கும் போன்லயே போட்டாச்சு" என்றார் மாமா.

"உங்களை இந்தக் குடும்பத்துல யாருமே மதிக்கறதில்லை" என்று உருக்கமாகத் தலையாட்டினேன்.

"அதை நீயே என் வீட்டுக்கு வந்து சொல்றியா?" மாமாவின் மூக்கு சிவந்தது. அந்தக் கோபத்தில் சோபாவில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, இடது கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டார். நானும் சாய்ந்து இடது கையை இடுப்பில் ஊன்றினேன். அவர் மறுபக்கம் நகர்ந்து, "ஸ்ஸ்" என்றார். விடுவேனா? நானும் நகர்ந்து, "ஸ்ஸ்" என்றேன்.



"பழிப்புக் காட்டறியாடா?" என்றார்.

"பழிப்புக் காட்டறேன்னு நீங்க நினைக்கறேள்."

"என் இடுப்பு போயிடுத்துன்னு உனக்கு யாருடா சொன்னா? கோமளா, நீ சொன்னியா?"

மாமி மோர் டம்ளரோடு வாசற்படியில் நின்றாள். "நான் யார்கிட்டயும் மூச்சு விடலை. நீங்கதான் இப்போ சொன்னேள்" என்றாள்.

எனக்குக் கை இடுப்பிலேயே ஒட்டிக்கொண்டது. எடுக்கக்கூடத் தோன்றவில்லை. மாமா முகத்தைத் திருப்பி ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். டாக்டர் ஒரு வாளித் தண்ணீரைக்கூடத் தூக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாராம். "பட்டறைல நான் தூக்காத இரும்பா? இப்போ நாலு பேர் முன்னாடி நின்னுண்டு, என் குழந்தையை ஒரு தரம் தூக்க முடியலைன்னு சொல்லணுமா? அதுக்கு வராமயே இருந்துடலாம்."

ஆக, வாட்ஸப்பும் இல்லை, தட்டும் இல்லை. வாட்ஸப் பத்திரிகை மாமாவுக்குக் கிடைத்த ஒரு சாக்கு. நாங்கள் எல்லோரும் அதையே பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

இதற்குப் பயிற்சியாளர் உத்தி எதுவும் சொல்லித் தரவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு மைதிலிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, "மாமாவுக்கு இடுப்பு முடியலையாம். உன்னைத் தூக்க முடியாதுன்னுதான் வரலையாம்" என்று போட்டு உடைத்தேன். நாசூக்கு என்பதே எனக்குக் கிடையாது, பாருங்கள். மாமா தலையில் அடித்துக்கொண்டார்.

 மைதிலி, "அப்பாடா" என்றாள். "மாமா, எனக்குத் தோள்ல ஏறவே பயம். போன மாசம் சிநேகிதி கல்யாணத்துல அவளைக் கீழயே போட இருந்தா. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னே தெரியாம முழிச்சுண்டிருந்தேன். நீங்க என் கையைப் பிடிச்சுண்டு பக்கத்துல நில்லுங்கோ, அது போறும்."

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அசடு, இதை முன்னாடியே சொல்லப்படாதோ?" என்றார். மாமி மோர் டம்ளரை என் கையில் வைத்து, "கால்மேல் கால் போடாம குடி" என்றாள்.

மைதிலி சொன்னது நிஜமா, மாமாவுக்காகச் சொன்னதா என்று இன்றுவரை கேட்டுப் பார்க்கிறேன். சிரிக்கிறாளே தவிர, பதில் சொல்ல மாட்டேன் என்கிறாள். வகுப்புக்குப் போனது நான், பாஸானது அவள்.

ஸ்ரீரங்கத்தில் உத்திர வீதிப் பக்கம் மண்டபம். மாலை மாற்றும்போது மைதிலி ஒரு மணைமேல் நிற்க, மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே பிள்ளையைத் தூக்கத் தயாராக இருந்த அவனுடைய மாமா இதைப் பார்த்துவிட்டு, "பொண்ணே தோள்ல ஏறலை, நமக்கு மட்டும் எதுக்கு?" என்று விலகிக்கொண்டார். பந்தியில் அவரே சம்பத் மாமா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "ரொம்ப உபகாரம். எனக்கு முழங்கால் ரெண்டும் அவுட். யார்கிட்ட சொல்றதுன்னு தவிச்சுண்டிருந்தேன்" என்று காதோடு சொன்னாராம். மாமாவுக்கு அன்றைக்குக் கண்ணமுது இரண்டு தடவை இறங்கியது. அதாவது பாயசம்.

அதோடு என் கதை குடும்பச் சொத்தாகிவிட்டது. வீட்டில் யார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் இன்னொருவர் இடுப்பில் கைவைத்து "ஸ்ஸ்" என்பார்கள். சான்றிதழை அம்மா சுவரிலிருந்து கழற்றி அரிசி டின்னை மூடினாள். அளவு சரியாக இருந்தது.

போன தை மாதம் நான் ரொம்ப நாளாகக் காத்திருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போய்விட்டது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. அசிடிட்டி என்று சொல்லிவிட்டுச் சரியாகச் சாப்பிடாமல் திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை சம்பத் மாமா ஆட்டோ பிடித்து வந்து இறங்கினார். எதிரே உட்கார்ந்தார். நான் கன்னத்தில் கைவைத்திருந்தேன். அவரும் வைத்தார். நான் பெருமூச்சு விட்டேன். அவரும் விட்டார். நான் எரிச்சலில் கால்மேல் கால் போட, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, முக்கி முனகி, தானும் போட்டார்.

"உனக்கு அசிடிட்டி இல்லைன்னு எனக்குத் தோணறது" என்றார்.

முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். மாமா ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. சொல்லி முடிக்கும்வரை அந்த இடுப்போடு, அந்தக் காலை இறக்காமல் உட்கார்ந்திருந்தார். இப்படி ஒரு மனுஷர் எனக்கு வாய்த்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்தேனோ தெரியாது. அன்றைக்கு இரண்டு தட்டு சாதம் சாப்பிட்டேன்.

மாமா கிளம்பும்போது அம்மா சமையலறையிலிருந்து, "வாசு, அந்த அரிசி டின் மூடியைத் துடைச்சு உங்க மாமாகிட்ட குடுத்தனுப்பு" என்றாள்.

இப்போது அது பொன்மலையில், சோபாவுக்கு மேலே தொங்குகிறது. என் பேர் இருந்த இடத்தில் மைதிலி ஒரு காகிதம் ஒட்டி, மாமா பேரை எழுதியிருக்கிறாள்.