வானம் பார்த்த குண்டு மிளகாய்

குண்டு மிளகாய்ச் செடியும் தலையைத் தொங்கப் போட்டுவிட்டது.

கருத்தக்கண்ணன் பெயிண்ட் வாளிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, செடியின் உச்சியை ஒற்றை விரலால் நிமிர்த்திப் பார்த்தார். விரலை எடுத்ததும் அது மறுபடி சாய்ந்தது. காலையில் பச்சைப்பசேல் என்று நின்ற செடி, மத்தியானம் மூணு மணிக்குள் சட்டியில் போட்ட கீரை மாதிரி வதங்கிவிட்டது. மண்ணைத் தொட்டால் ஈரம் இருக்கிறது. இலையைத் திருப்பினால் ஒரு பூச்சி இல்லை.

"போன வாரம் பஜ்ஜி மிளகா. முந்தாநாள் குடைமிளகா. இன்னைக்கு நீயாக்கும்?" என்று செடியிடமே கேட்டார்.

சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெங்களூரிலிருந்து பெண்டாட்டி பாண்டீஸ்வரி வீடியோவில் வருவாள். "சாப்டீகளா?" என்று கேட்பாள். அடுத்த கேள்வி செடியைப் பற்றித்தான்.

மதுரை வில்லாபுரத்து மொட்டை மாடியில் ஐந்து வாளி மிளகாய் வைத்து வளர்த்தவள் அவள். குழம்புப் பொடிக்குச் சம்பா. தாளிக்கக் குண்டு. மழை பிடித்தால் பஜ்ஜி போடுவதற்கு நீளமாய் ஒன்று. மகள் ரோகிணி வந்தால் சோறு கிளற குடைமிளகாய். மோரில் நசுக்கிப் போட ஊசி மிளகாய். எது எவ்வளவு உறைக்கும் என்று கருத்தக்கண்ணனின் நாக்குக்கு நன்றாகத் தெரியும். எதற்கு எவ்வளவு தண்ணீர் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

ரோகிணிக்குப் பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போக வேண்டி வந்தது. கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று சொல்லித்தான் பாண்டீஸ்வரி கிளம்பினாள். மாதம் ஐந்தாகிவிட்டது. குழந்தையைப் பார்க்க ஓர் ஆயா வந்து மூன்று மாதம் ஆகிறது, இன்னும் இவளைத்தான் காணோம்.

இதில் மனுஷன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டதுதான் பெரிய கதை. ரயில் கிளம்பும்போது ஜன்னலுக்குள்ளிருந்து அவள் கேட்டாள்: "ஏங்க, ஒத்தையில கெடந்து கஷ்டப்பட்டா ஒரு வார்த்த சொல்லுங்க. மறுநாளே வந்துருவேன்."

இவர் என்ன சொன்னார் தெரியுமா? "எனக்கென்ன கஷ்டம்? நீ இருந்துட்டு வா."

அட, அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்! கண்டக்டர் வேலையில் முப்பத்தொரு வருஷம் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு, "ராஜபாளையம், சங்கரன்கோயில், வாங்க வாங்க, ஏறி வாங்க" என்று முன்பின் தெரியாத சனத்தையெல்லாம் கூப்பிட்டவர். கட்டின பெண்டாட்டியை "வா" என்று கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் கௌரவம் என்னாவது?

அவள் போன பிறகுதான் வீடு எவ்வளவு பெரியது என்று தெரிந்தது. ஈரத்துண்டை நாற்காலியில் போட்டால் முன்பெல்லாம் அடுப்படியிலிருந்தே வசவு வரும். ஒருநாள் வேண்டுமென்றே போட்டுப் பார்த்தார். துண்டு பேசாமல் காய்ந்தது. அன்றைக்கு அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை.

அவர் மனசுக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தார். மிளகாய் என்றால் அவளுக்கு உயிர். செடி காய்த்துப் பழுத்தால், வத்தல் போடவாவது ஓடி வருவாள். செடி செத்தால், அவளுக்கு இந்த வீட்டில் வேறு என்ன இருக்கிறது? அதனால் செடி சாகக் கூடாது. செத்தாலும் அவளுக்குத் தெரியக் கூடாது.

கருத்தக்கண்ணன் ஸ்கூட்டரை எடுத்தார்.

அலங்காநல்லூர் சாலையில் நர்சரி வைத்திருக்கும் பேயாண்டி, அவரைக் கண்டதும் எழுந்து நின்றான். பத்து நாளில் இது மூன்றாவது தடவை.

"என்னண்ணே, மறுபடியுமா?"

"குண்டு மிளகா வேணும்யா. காயோட. இந்தா, இம்புட்டு உசரம்."

"மோர்ல பெருங்காயத்தக் கரச்சு அடிக்கச் சொன்னேனே, அடிச்சீகளா?"

"அடிச்சேன். பக்கத்து வீட்டு வேட்டி சேலையெல்லாம் பெருங்காயமா மணக்குது. செடி மட்டும் செத்துப்போச்சு."

பேயாண்டி தலையைச் சொறிந்தான். "குண்டு நாத்தாத்தேன் இருக்கு. காய்க்க ரெண்டு மாசமாகும். காயோடன்னா இந்தா, ஊசி மிளகா நிக்குது. செடி பாத்தா ஒண்ணுபோலத்தேன் இருக்கும். செல்போன்ல எவன்ணே கண்டுபிடிக்கப் போறான்?"

ஐந்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது புதுச் செடி பழைய வாளியில் ஏறியது. கருத்தக்கண்ணன் வேர்வையைத் துடைத்துக்கொண்டு போனை நீட்டிப் பிடித்தார்.

"சாப்டீகளா?"

"ஆச்சு."

"செடியெல்லாம் எப்படி இருக்கு? குண்டு மிளகா வாடிக்கீடிப் போச்சா?"

"எதுக்கு வாடணும்? ஜம்முன்னு இருக்கு. பாரு."

பாண்டீஸ்வரி பார்த்தாள். "ஓ... நல்லாத்தேன் இருக்கா?" என்றாள். குரலில் சுரத்தே இல்லை. பஜ்ஜி மிளகாயைக் காட்டியபோதும் இப்படித்தான், குடைமிளகாயைக் காட்டியபோதும் இப்படித்தான். சந்தேகப்படுகிறாள் என்று கருத்தக்கண்ணன் போனைச் சற்றுத் தள்ளிப் பிடித்தார்.

"ஏங்க, கொஞ்சம் கிட்டக்கக் காட்டுங்க. குண்டு மிளகா என்ன, வானத்தப் பாத்துக்கிட்டு நிக்குது? தொங்கவுல்ல செய்யணும்?"

ஊசி மிளகாய்க்கு அதுதான் குணம். மேல்நோக்கி நிமிர்ந்தே காய்க்கும். பேயாண்டியை மனசுக்குள் நாலு வார்த்தை வைதபடியே இவர் சொன்னார்: "மழையில்லல்ல, அதேன் வானத்தப் பாக்குது."

"ஒல்லியாவும் இருக்கே?"

"ஏங்கிப் போச்சு."

"யாரு?" என்றாள் சட்டென்று.

"மிளகாதேன்."

அவள் இன்னொரு தடவை உற்றுப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு நல்லா வெளிச்சத்துல காட்டுங்க" என்று வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து, பக்கத்து மாடியில் துணி எடுக்க ராதாமணி வந்தாள். சௌராஷ்டிரக் குடும்பம், இருபது வருஷப் பழக்கம். இரண்டு மாடிக்கும் நடுவில் முழங்கால் உயரச் சுவர் ஒன்றுதான். அவள் வாளியைப் பார்த்தாள். கையில் எடுத்த சேலை நழுவியது.

"அண்ணே, இந்தச் செடி எப்படிண்ணே இம்புட்டுச் செழிப்பா நிக்குது?"

"ஏம்மா, நிக்கக் கூடாதா?"

"அய்யய்யோ, சும்மா கேட்டேண்ணே" என்று விழுந்த சேலையை மறந்துவிட்டு இறங்கிப் போனாள். ஊரே நம் செடி மேல் கண் வைக்கிறது என்று நினைத்து, கருத்தக்கண்ணன் திருஷ்டிக்கு ஒரு படிகாரத்தை வாளியில் கட்டினார்.

மறுநாளுக்கு ஒரு யோசனை உதித்தது. ஊசி மிளகாயையெல்லாம் கிள்ளி எடுத்துவிட்டு, குண்டு மிளகாயை நூலில் கட்டித் தொங்கவிட்டால் யாருக்குத் தெரியும்? ஆனால் பச்சையாகக் குண்டு மிளகாய் மார்க்கெட்டில் எந்தக் கடையிலும் இல்லை. வீட்டு அடுப்படி டப்பாவில் இருந்ததெல்லாம் போன வருஷத்து வத்தல். பரவாயில்லை, சிவப்பு சிவப்புதானே என்று, அவளுடைய தையல் பெட்டியிலிருந்து பச்சை நூலை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பன்னிரண்டு வத்தலைக் கிளைக்கு ஒன்றாகக் கட்டி முடித்தார். கல்யாண வீட்டில் தோரணம் கட்டுகிறவன்கூட இவ்வளவு சிரத்தையாகக் கட்டியிருக்க மாட்டான்.

ஐந்து மணிக்குப் போன் வந்தது.

"இந்தா, வெளிச்சத்துல பாரு. தொங்குதா?"

பாண்டீஸ்வரி திரையில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தாள். "தொங்குது. ஆனா ஏங்க, நேத்து பச்சையா இருந்த காயி, பழுக்காம கொள்ளாம இன்னைக்கு நேரா வத்தலாயிருச்சா?"

"வெயில் அப்படி! பெங்களூர்ல உக்காந்துக்கிட்டு மதுர வெயிலு என்ன தெரியும் ஒனக்கு?"

"கிளையிலயே காஞ்சிருச்சாக்கும்?"

"மறுபடி வறுக்கக்கூட வேணாம். நேரா அரைக்க வேண்டியதுதேன்."

இப்படி ஒரு பொய்யைச் சொல்லும்போது யாருக்கும் வேர்க்கத்தான் செய்யும். அவர் கையால் முகத்தைத் துடைத்தார். பன்னிரண்டு வத்தல் கட்டின கை. கண்ணில் பட்டதுதான் தாமதம், மனுஷன் துள்ளினார். இரண்டு கண்ணிலும் தண்ணீர் தாரை தாரையாக ஊற்றியது. மூக்கும் சேர்ந்துகொண்டது.

"என்னங்க? அழுகுறீகளா?"

"இல்ல இல்ல. மிளகாக் கைய கண்ணுல வச்சுட்டேன்."

"நெசமாவா?"

"நெசந்தேன்."

அது முழு நிஜம் இல்லை. எரிச்சல் இரண்டு நிமிஷத்தில் அடங்கிவிட்டது, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. ஐந்து மாதமாக உள்ளே தேங்கியிருந்ததெல்லாம் மிளகாயைச் சாக்கு வைத்து வந்துகொண்டிருந்தது. திரையில் அவள் முகம் கலங்கலாய்த் தெரிந்தது. காதோரம் முன்பைவிட நரைத்திருந்தாள். பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய நரையை இப்படிக் கண்ணாடிக்குள் பார்க்கிறோமே என்று அவர் போனைக் கிட்டே இழுத்துப் பிடித்தார்.

அவள் மெதுவாகக் கேட்டாள்: "எங்கிட்ட எதுனாச்சும் சொல்லணுமா?"

வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. ஒற்றை எழுத்து. அதைத் துப்பியிருந்தால் போதும்.

"ஒண்ணுமில்லயே" என்றார்.

அவள் பெருமூச்சு விட்டது போனிலேயே கேட்டது. "செடியெல்லாம் நல்லாத்தேன் பாத்துக்கிறீக. நீங்களும் நல்லாத்தேன் இருக்கீக. ரோகிணி இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்லுறா. இருக்கவா?"

ஆறு மாசம்! வேண்டாம் என்று மனசு கத்தியது. வாய் அதுபாட்டுக்கு வழக்கப்படி திறந்தது.

"எனக்கென்ன, இருந்துட்டு வா."

போன் அணைந்தது. அவர் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, இந்த வாயைத் தைத்துவிட்டால்கூடத் தேவலை என்று நினைத்தார். அப்போதுதான் கவனித்தார். ஆதியிலிருந்து நின்ற சம்பாச் செடி, பாண்டீஸ்வரி விதை ஊன்றி முளைக்க வைத்த அசல் செடி, தலையைத் தொங்கப் போட்டிருந்தது.

இத்தனை நாள் வராத கோபம் அவருக்கு அப்போது வந்தது. இது பூச்சி இல்லை, வெயில் இல்லை. எலியோ அணிலோ குரங்கோ, எதுவாக இருந்தாலும் சரி, கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை. என் பெண்டாட்டி திரும்பி வருவதற்கு இருக்கிற ஒரே வழியை எவனோ அடைக்கிறான்!

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மாடி ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். கையில் ஒரு துடைப்பக் கட்டை. பழைய கண்டக்டர் விசிலையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். எலிக்கு விசில் எதற்கு என்று யார் கேட்பது?

ஏழு மணி ஆனது. முட்டி வலித்தது. கொசு காதைச் சுற்றியது. ஏழேகாலுக்குச் சுவர்ப் பக்கம் கொலுசுச் சத்தம் கேட்டது. ராதாமணி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சுவரைத் தாண்டி வந்தாள். கையில் தூக்குவாளி. அதிலிருந்து ஆவி பறந்தது. நேரே வத்தல் தொங்கிய வாளிக்குப் போனாள். "முருகா, மன்னிச்சுக்கப்பா" என்று முணுமுணுத்துவிட்டு வேரில் சாய்த்தாள்.

கருத்தக்கண்ணன் விசிலை ஊதிவிட்டார்.

ராதாமணி அலறி, தூக்குவாளியைப் போட்டாள். கொதிக்கிற தண்ணீர் மாடியெல்லாம் ஓடியது.

"நீயா? நீயாம்மா? இருவது வருசமாத் தங்கச்சி தங்கச்சின்னு பழகின வீட்டுக்கு வெந்நி ஊத்துறியா? இந்தச் செடி பொழச்சாத்தேன் அவ வருவா, தெரியுமா ஒனக்கு? அவ இல்லாம நான் ஒரு வாய் சோறு ஒழுங்காத் தின்னு அஞ்சு மாசமாச்சு! என்ன பாவம் செஞ்சேன் ஒனக்கு?"

அவர் வாயிலிருந்து இப்படியெல்லாம் வருமென்று அவரே எதிர்பார்க்கவில்லை. ராதாமணி கண்ணைக் கசக்கிக்கொண்டு, காலில் பட்ட வெந்நீருக்கு ஒரு குதி குதித்துவிட்டுச் சொன்னாள்:

"கத்தாதீகண்ணே, தெனம் போன்ல அழுது அழுது ஊத்தச் சொன்னதே அக்காதேன். 'செடி காச்சு நான் வந்தா மிளகா பறிக்க வந்தவளாயிருவேன், எல்லாம் செத்து ஒத்தையில நின்னாத்தேன் அந்த மனுசன் வாயத் தொறந்து என்னைய வான்னு கூப்புடுவாரு'ன்னு."