மூன்று ஸ்டேஷனுக்கு ஒரே மாஸ்டர்

நெய்வேலியில் பூமிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்ல அந்தக் காலத்தில் ஒரு படையே இருந்தது. வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த எஞ்சினீயர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் நெய்வேலியின் காற்றில் என்ன இருக்கிறது என்று சொல்ல ஒரே ஓர் ஆள்தான் இருந்தார். அவர் எனக்கு அடுத்த குவார்ட்டர்ஸில் குடியிருந்த ஸ்டேஷன் மாஸ்டர்.

ரயிலுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். சொந்த ஊர் காடாம்புலியூர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. அவர் மாஸ்டராக இருந்ததெல்லாம் ரேடியோ ஸ்டேஷன்களுக்கு. சிலோன், திருச்சி, மெட்ராஸ். இந்த மூன்றில் எதை ஜனங்கள் அதிகம் கேட்கிறார்கள், எது முந்துகிறது, எது பிந்துகிறது என்பதுதான் அவருக்குச் சினிமா, சீட்டாட்டம், கோயில், குளம் எல்லாமே. இப்போது டெலிவிஷன்காரர்கள் எந்தச் சேனலை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று வாராவாரம் கணக்கெடுத்து ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறார்களே, அந்த வேலையை அறுபதுகளிலேயே ஒரு மனிதர் சைக்கிளில் சுற்றிச் சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தார்.

ஷிஃப்ட் முடிந்து வருவார். குளித்து, முகத்துக்குப் பவுடர் போட்டு, மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிறவர் மாதிரி சைக்கிளை எடுப்பார். கைப்பிடியில் ஒரு துணிப்பை தொங்கும். அது நிறைய ஊரிலிருந்து கொண்டுவந்த முந்திரிக்கொட்டை. ஒவ்வொரு வீட்டு ஜன்னலைத் தாண்டும்போதும் காதைச் சாய்ப்பார். உள்ளே சிலோன் பாடினால் ஒரு கொட்டை கால்சட்டையின் வலது பாக்கெட்டுக்குப் போகும். திருச்சி என்றால் இடது பாக்கெட். மெட்ராஸுக்குச் சட்டைப் பை போதும். சுற்றி முடித்துத் திரும்பும்போது கால்சட்டை எந்தப் பக்கம் இறங்கியிருக்கிறதோ அந்த ஸ்டேஷன் ஜெயித்தது என்று அர்த்தம். அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே, சைக்கிளை விட்டு இறங்குகிற கோணலை வைத்து எதிர்வீட்டுக்காரர் முடிவைச் சொல்லிவிடுவார்.

"என்ன மாஸ்டர், இன்னிக்கும் சிலோனா?"

"சிலோன்தாங்க. ஆனா திருச்சியும் லேசுல வுடல. கச்சேரி ஆரம்பிச்சதும் தஞ்சாவூர்க்காரங்க வூடெல்லாம் அந்தப் பக்கம் தாவிடுச்சு. மெட்ராஸுதான் பாவம், ஒரு டாக்டர் வூட்ட நம்பிக்கினு இருக்குது."

ஆரம்பத்தில் இவரால் எங்கள் பிளாக்கே நடுங்கியது. அப்போது ரேடியோ வைத்திருப்பவர்கள் தபாலாபீஸில் லைசென்ஸ் கட்ட வேண்டும். கட்டினவர்களை விட மறந்தவர்கள் அதிகம். ஜன்னலோரம் சைக்கிளை நிறுத்தி, தலையைச் சாய்த்து, எதையோ பாக்கெட்டில் போட்டுக்கொள்கிற மனிதரைப் பார்த்ததும் லைசென்ஸ் இன்ஸ்பெக்டர் என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள். ரேடியோவை அணைத்து, மேலே போர்வையைப் போட்டு, ஒரு வீட்டில் போர்வைக்கு மேல் கைக்குழந்தையையும் படுக்கவைத்தார்கள். அன்றைக்கு மூன்று ஸ்டேஷனும் மொத்தமாகப் படுத்துவிட்டன. ஸ்டேஷன் மாஸ்டர் பதறிப்போய் என்னிடம் வந்தார்.

"வூருக்கு என்னாங்க ஆச்சு? ஒருத்தரும் எதையும் கேக்கல. யாரானா பெரிய தலைவரு போயிட்டாரா?"

விஷயம் தெரிந்தபின் ஜனங்கள் அடியோடு மாறினார்கள். அவருடைய சைக்கிள் மணி கேட்டால் அவரவர் ஸ்டேஷனை உச்ச ஸ்தாயியில் அலறவிட்டார்கள். எல்லா ஜில்லாவிலிருந்தும் வந்து குடியேறிய எங்களுக்குச் சண்டை போட்டுக்கொள்ள அதுவரை பொதுவான விஷயம் எதுவும் இருக்கவில்லை. அந்தக் குறையை ஸ்டேஷன் மாஸ்டர் தீர்த்துவைத்தார். என் மனைவி திருநெல்வேலிக்காரி, சிலோன் கட்சி. கட்சி என்றால் சாதாரணக் கட்சி இல்லை. ஒரு சாயங்காலம் கோயிலுக்குக் கிளம்பியவள், சிலோனை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்தாள். மறுநாள் ஸ்டேஷன் மாஸ்டர் வாசலில் வந்து நின்றார்.

"அக்கா, பூட்டுன வூட்டு ஓட்டு செல்லாதுங்க. கொட்டைய எடுத்துட்டேன்."

"பூட்டியிருக்குன்னு நீங்க ஏன் தம்பி பாக்கீய? காதுதான ஒங்களுக்கு வேல?" என்று என் மனைவி சண்டைக்குப் போனாள். அவர் அசையவில்லை.

இத்தனைக்கும் அவர் வீட்டில் ரேடியோ கிடையாது. வாங்க வசதி இல்லாமல் இல்லை, பெர்மனென்ட் ஆன மனிதர்தான். ஏன் வாங்கவில்லை என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"வாங்கினா எதையானா ஒண்ணத் திருப்பி வெக்கணுமேங்க. நானும் ஒரு ஓட்டு ஆயிடுவேன். அப்புறம் என் பேச்ச யாரு நம்புவாங்க?" என்றார்.

இப்படிப்பட்டவருக்குப் பெண் பார்த்தார்கள். மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு பயிரிடுகிற குடும்பம். பண்ருட்டியில் ஒரு கல்யாணத்தில் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் தூரத்தில் பார்த்திருந்தார்கள். அதற்கப்புறம் நம் ஆள் சில நாட்கள் சிலோன் கொட்டையைத் திருச்சிப் பாக்கெட்டில் போட்டார். அவரிடம் அதற்கு முன் அப்படி ஒரு தவறு நடந்ததே இல்லை. "எனக்கு அந்தப் பொண்ணப் புடிச்சிருக்குதுங்க" என்று என்னிடம் நேராகவே சொன்னார். சொல்லிவிட்டுச் சைக்கிள் மணியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பெண்ணின் அப்பா, வழக்கப்படி, யாரிடமும் சொல்லாமல் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க டவுன்ஷிப்புக்கு வந்தார். முதலில் பஸ் ஸ்டாண்ட் டீக்கடை.

"ஒர்க்‌ஷாப்புல ஃபிட்டரா ஒருத்தரு, காடாம்புலியூர்க்காரரு..."

"யாரு, நம்ம ஸ்டேஷன் மாஸ்டரா? தங்கமான ஆளுங்க" என்றார் டீக்கடைக்காரர்.

பெரியவருக்குச் சுருக்கென்றது. ஃபிட்டர் என்றுதானே தரகர் சொன்னார்? குழப்பத்தோடு எங்கள் பிளாக்குக்கு வந்து, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த என் மனைவியிடம் கேட்டார். பெண் வீட்டுக்காரர் என்று அவளுக்குத் தெரியாது.

"ஏம்மா, இங்க ஒரு ஸ்டேஷன் மாஸ்டர் இருக்கறாராமே, எந்த ஸ்டேஷனு?"

"ஒரு ஸ்டேஷன்னு இல்ல. சிலோன், திருச்சி ரெண்டையும் ஒத்த ஆளா பாத்துக்கிடுதாரு."

"சிலோனா? கடலுக்கு அந்தாண்டயா?"

"ஆமா. மெட்ராஸும் அவருதான். ஆனா அங்க கூட்டம் கொறவு."

மெட்ராஸில் கூட்டம் குறைவு என்று கேட்டதும் பெரியவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். மறுநாள் தரகர் வந்து சொன்னார்: "மூணு ஸ்டேஷனுக்கு மாஸ்டர்னு ஊரையே ஏமாத்திக்கினு இருக்கறவனுக்குப் பொண்ணு கெடையாதாம்."

அன்று சாயங்காலம் சைக்கிள் கிளம்பவில்லை. ஜனங்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள், கணக்கெடுக்கத்தான் ஆளில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் தன் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. என் மனைவிக்கோ, தன் வாயால் கெட்டது தன்னாலேயே நேராக வேண்டும் என்று பிடிவாதம். காடாம்புலியூரில் இருந்த ஸ்டேஷன் மாஸ்டரின் அண்ணனுக்குச் சொல்லியனுப்பினோம். பலா சீசனாம், வர முடியாது, நீங்களே பேசி முடித்துவிடுங்கள் என்று ஆள் மூலம் இரண்டு பலாப்பழம் அனுப்பிவைத்தார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் ஒரு பலாப்பழத்தோடு பஸ் ஏறினோம்.

பெரியவரைப் பற்றித் தரகர் ஒரு துப்புக் கொடுத்திருந்தார். ஆள் திருச்சி ரேடியோவின் பரம பக்தர். விவசாய நிகழ்ச்சியில் சொன்னால்தான் உரம் வைப்பார், சொன்னால்தான் தண்ணீர் விடுவார். சினிமாப் பாட்டு என்றாலே வேப்பங்காய்.

"தம்பி, அங்க போயி திருச்சிதான் ஒசத்தின்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. கல்யாணம் முடிஞ்சாப்புல" என்று என் மனைவி பஸ் முழுக்கப் பாடம் நடத்தினாள். சிலோன் கட்சிக்காரி, தன் கட்சியையே விட்டுக்கொடுத்தாள். ஸ்டேஷன் மாஸ்டர் தலையாட்டிக்கொண்டே வந்தார்.

மேல்பட்டாம்பாக்கத்தில் இறங்கி, தெரு முனை திரும்பினோம். அவர் கை தன்னிச்சையாகப் பாக்கெட்டுக்குப் போயிற்று. நான் பிடித்து இழுத்தேன். பெண் வீட்டுக் கூடத்தில் ரேடியோ, பூப்போட்ட உறையோடு, தழைச்சத்து பற்றி யாரோ பேசுவதை ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. கரும்புக் கொல்லையிலிருந்து அப்போதுதான் திரும்பிய பெரியவர், பின்பக்கம் கைகால் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். எங்களை உட்காரச் சொன்னார்.

நான் விளக்க ஆரம்பித்தேன். "ஐயா, அது ரயில் ஸ்டேஷன் இல்லீங்க. ரேடியோ ஸ்டேஷன்."

"ரேடியோ ஸ்டேஷன்லயும் வேலையா?"

"வேலை இல்லீங்க. சாயங்காலமானா வீடு வீடா ஜன்னலோரமா நின்னு..."

"நின்னு?"

"காது குடுத்துக் கேப்பாருங்க" என்றேன். சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது.

"வூடு வூடா ஒட்டுக் கேக்கறவனா?" என்று பெரியவர் எழுந்துவிட்டார். என் மனைவி பாய்ந்து முழுக் கதையையும் கொட்டினாள். முந்திரிக்கொட்டை, பாக்கெட், பூட்டின வீட்டு ஓட்டு எல்லாம் வந்தது. பெரியவர் பாதி நம்பினார். மெதுவாக உட்கார்ந்து, ஸ்டேஷன் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"அப்போ உள்ளதச் சொல்லு தம்பி. உங்க ஊர்ல எது ஜாஸ்தி?"

என் மனைவி இருமினாள். நான் நம் ஆள் காலை மிதித்தேன்.

"சிலோன்தாங்க" என்றார் ஸ்டேஷன் மாஸ்டர்.

"திருச்சி?"

"ரெண்டாவதுங்க. நல்லாத்தான் பாடுபடுது. ஆனா ரெண்டாவதுதான்."

பெரியவர் முகம் சிவந்தது. "உங்க ஊர்ல மண்ண நோண்டறாங்க. உழுவறவன் எங்க இருக்கறான்? எங்க தெருவுல கேட்டுப் பாரு, திருச்சிதான்."

அங்கேயாவது வாயை மூடியிருக்கலாம்.

"வர்றப்போ கேட்டுக்கினுதாங்க வந்தேன். இங்கயும் சிலோன்தான்."

"எங்க வூட்ட வுட்டுட்டுச் சொல்றியா?"

"உங்க வூட்டையும் சேத்துதாங்க. நாங்க தெரு முனை திரும்பறப்போ உள்ள சிலோன் பாடிக்கினு இருந்துச்சு. வாசலாண்ட வர்றப்போ திருச்சிக்குத் திருப்பிட்டாங்க. நடுவுல கொர்ருனு ஒரு சத்தம் வந்துச்சுங்க."

கூடத்தில் தழைச்சத்து மட்டும் பேசிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு தட்டு விழுந்தது. அதைத் தொடர்ந்து, அடக்க முடியாமல் ஒரு பெண் சிரிக்கிற சத்தம் கேட்டது. பெரியவர் சமையல் கட்டுப் பக்கம் திரும்பி, "என்னாடி இது?" என்றார்.

"நீங்க கரும்புக்குப் போனா சிலோனு, உங்க செருப்புச் சத்தம் கேட்டா திருச்சி. ரொம்ப நாளாவே அப்பிடித்தான்" என்று அவர் மனைவி உள்ளேயிருந்து சொன்னார்.

நான் எழுந்து பலாப்பழத்தைத் தேடினேன். கொடுத்துவிட்டுப் போவதா, எடுத்துக்கொண்டு போவதா என்பதுதான் அப்போது எனக்கிருந்த கவலை. பெரியவர் ஸ்டேஷன் மாஸ்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"திருச்சின்னு ஒரு பொய் சொல்லியிருந்தீன்னா நான் பொண்ணக் குடுத்திருப்பேன். தெரியுமா?"

"தெரியுங்க. பஸ்ஸுல அக்கா அதத்தான் சொல்லிக் குடுத்துக்கினு வந்துச்சு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"எண்ணினா அப்பிடி வரலீங்களே" என்றார் அவர். சொல்லிக்கொண்டே கிளம்புவதற்கு எழுந்து நின்றார். பெண் கைவிட்டுப் போய்விட்டது என்று அவரும் நினைத்துவிட்டார் போலிருந்தது.

பெரியவர் முதலில் தொடையைத் தட்டினார். அப்புறம் சிரித்தார். தோளில் கிடந்த துண்டு கீழே விழுகிற அளவுக்குச் சிரித்தார். "வூரையே ஏமாத்தறவன்னு நெனச்சேன். பொண்ணு கேக்க வந்த எடத்துலகூட ஒரு பொய் சொல்லத் தெரியல. என் வூட்லயே எல்லாரும் என்னை ஏச்சிக்கினு இருக்காங்க, இவன் ஒருத்தன்தான் உண்மையச் சொல்றான்" என்றவர், உள்ளே பார்த்து, "காபி போடு. மாப்பிள்ளைக்குச் சக்கரைய தாராளமாப் போடு" என்றார்.

கல்யாணம் அந்த ஊரிலேயே ஜாம் ஜாமென்று நடந்தது. மாப்பிள்ளையை அங்கே விட்டுவிட்டு நாங்கள் திரும்பி வந்தோம். அவர் லீவு முடியும் வரை எங்கள் பிளாக்கில் ரேடியோக்கள் தம் பாட்டுக்குப் பாடின. எதிர்வீட்டுக்காரர் சாயங்காலமானால் வாசலுக்கு வந்து நிற்பார், சாலையை இரண்டு பக்கமும் பார்ப்பார், உள்ளே போய்விடுவார். ஒருநாள் நல்ல பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி ரேடியோவை அணைத்துவிட்டாள்.

"ஏன், நல்லாத்தானே பாடுது?" என்றேன்.

"பாடுது. அந்தப் புள்ள இல்லாம என்னமோ போலிருக்கு" என்றாள்.

சிலோன் ஜெயித்தால் எங்களுக்கு என்ன, திருச்சி ஜெயித்தால் என்ன? ஒரு காசுக்குப் பிரயோஜனம் கிடையாது. ஆனாலும் அந்த மனிதர் வந்து வாசலில் நின்று சொல்லாமல், ராத்திரிச் சோறு எங்களுக்கு இறங்கவில்லை.