கார்பன் காலும் ஒரு பெட்டி மாம்பழமும்

விழுவதில் எனக்கு நல்ல தேர்ச்சி உண்டு. வலது முழங்காலுக்குக் கீழே கார்பன் கால் வந்த பிறகு, நான் குடியிருக்கும் டார்னெய்ட்டில் விழாத நடைபாதை குறைவு. (கவுன்சில்காரர்கள் என்னை நடக்கவிட்டே மேடு பள்ளம் கண்டுபிடிக்கலாம்.) ஆனாலும் நகரின் மறுகோடியில் இருக்கும் ரோவிலில், துளசியின் வீட்டில் விழுந்ததற்கு ஈடாக ஒன்றும் இல்லை.

பெண் கேட்டுப் போயிருந்தேன். அவள் அப்பாவுக்கு ஒரே சந்தேகம்: "பெடியன் விழமாட்டாரோ?"

"விழவே மாட்டார் அப்பா" என்று அடித்துச் சொல்லியிருந்தாள். அந்த வாக்கைக் காப்பாற்ற வேண்டியது என் கால்.

வாசலில் செருப்புக் குவியல். மாம்பழப் பெட்டியுடன் நின்றேன்.

"சப்பாத்தோட வாங்கோ தம்பி" என்றார் அவள் அம்மா.

"ஐயையோ, ஷூவோடயா? நல்லாயிருக்காது அன்ரி!"

துளசி கண்ணாலேயே கெஞ்சினாள். ஷூவின் குதி உயரத்துக்கு அளந்து பொருத்திய கால் அது. ஷூவைக் கழற்றினால் ஆளைப் பின்னால் சாய்க்கும். எனக்கும் தெரியும். இருந்தாலும் மரியாதை என்று ஒன்று இருக்கிறதே! கழற்றினேன்.

பளபளத்த டைல்ஸில் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை. கூடம் மெல்லச் சாய்ந்தது. சாயங்கால வெயில் திரைச்சீலையில் தேனாக வழிந்தது. மின்விசிறி பெரிய பூவாக மலர்ந்து சுற்றியது. அன்ரியின் "ஐயோ" கடலடியிலிருந்து கேட்டது. அந்த மிதப்பிலும் பிசியோதெரபிஸ்ட் சொன்னது ஞாபகம் வந்தது: விழும்போது கையில் இருப்பதை விட்டுவிடு. ஆர்வக்கோளாறு மாணவன் நான், வீசியே விட்டேன். மாம்பழங்கள் சின்னச் சின்னச் சூரியன்களாகக் கூடமெங்கும் மிதந்தன. ஒன்று அங்கிளின், அதாவது துளசியின் அப்பாவின், மடியில் அஸ்தமித்தது.

நான் செருப்புக் குவியலில்.

"அப்ப விழுவார்" என்றார் அங்கிள்.

(போச்சு, என் கல்யாணம்!)

வழக்கம்போலப் புரண்டு, மண்டியிட்டு, நல்ல காலை முன்னே ஊன்றி எழுந்தேன். அங்கிள் கிட்டே வந்தார்.

"தம்பி, எழும்பினதை இன்னொருக்கா காட்டுங்கோ. போன மாசம் கராஜில விழுந்திட்டு எழும்ப ஏலாமல் கிடந்தனான். வீட்டில ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"என்னது?" என்றார் அன்ரி.

அவர் திட்டி முடிப்பதற்குள் நானும் அங்கிளும் கம்பளத்தில் உருண்டுகொண்டிருந்தோம். தேநீர் ஆறிப்போனது.

அங்கிள் இப்போது எனக்கு மாமா. தெருவே மிதிக்காத 'வீட்டுச் சப்பாத்து' ஒரு ஜோடி எனக்காக வாசலில் காத்திருக்கிறது. ஒவ்வொரு கோடையிலும் மாம்பழப் பெட்டியோடு மணியடிக்கிறேன். மாமா நாற்காலியில் இருந்தபடியே இரண்டு கைகளையும் ஏந்துகிறார்:

"ஓம் மருமோன், எறியுங்கோ!"