ஜோடி சேராத வால்வு

மைக் பெட்டியின் பின்மூடியைக் கழற்றிய மைக்செட்காரன் சத்தியதாஸுக்குப் பகீரென்றது. சத்தத்தைப் பெருக்கும் இரண்டு பெரிய கண்ணாடி வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான் இருந்தது.

பாளையத்துப் பந்தலில் அன்று இரண்டாம் நாள் ஜெபக்கூட்டம். பிரசங்கியார் தாசையன் வரும் நேரம். முதல் நாள்தான் அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக மைக் பிடித்தார். நோவாவின் பேழையில் ஆனை முதல் அணில்வரை ஒவ்வொன்றாக ஏற்றிவிட்டு மேடையைவிட்டு இறங்கியபோது நடுச்சாமம் தாண்டியிருந்தது.

அவர் மகள் ராஜபாயைப் பெண் கேட்டு சத்தியதாஸ் ஆள் அனுப்பியிருந்தான். "மைக் காரியம் ஒழுங்கா நடக்கட்டு, பொறவு பேசலாம்" என்று பதில் வந்தது. பத்திரமாக இருக்கட்டும் என்று பெட்டியை அவர் வீட்டிலேயே வைத்திருந்தான். அப்படியும் இந்தக் கதி!

யுத்த காலம். சாலைக் கடைத்தெரு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் வால்வு கிடைக்காது. தன் ரேடியோவிலிருந்து சின்ன வால்வு ஒன்றைப் பிடுங்கி வந்தான். வேறு வகைதான், ஆனால் கால்கள் அதே துளையில் கச்சிதமாக உட்கார்ந்தன. பெரியதும் சின்னதும் சேர்ந்து ஒரே பாரத்தை இழுத்தால் என்ன ஆகும்? பயத்தையும் மீறி, அதைப் பார்த்துவிடும் ஆசை அவனைப் பிடித்துக்கொண்டது.

மைக் பேசியது. கூடவே ஓர் இரைச்சல்.

"என்னவே, உள்ள வண்டு பூந்திட்டா?" என்றார் தாசையன், மேடையிலிருந்தே.

"இப்போ செரியாவும் சாரே!"

இரைச்சலை அமுக்கச் சத்தத்தைக் கூட்டினான். சின்ன வால்வு உள்ளுக்குள் சிவந்தது. 'அடடா, தாங்காத சுமையைத் தலையில் வாங்கிக்கொண்டதே!' என்று குனிந்து ரசித்தான். பிறகு பதறிப்போய் விசிறியால் வீசினான். இடத்தை மாற்றிப் பார்த்தால் என்ன? துண்டால் பிடித்து இரண்டையும் மாற்றிச் செருகினான். வண்டுக்குத் துணையாக ஒரு தவளையும் சேர்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் கூட்டினான்.

பட்!

தாசையன் தொண்டை கிழியக் கத்திப் பார்த்தார். குரல் கம்மியது. சட்டென்று ஜெபம் பண்ணி முடித்துவிட்டார். கலைந்து போனவர்கள் சத்தியதாஸைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே போனார்கள். அவனுக்கு மானமே போயிற்று.

"ஒரு வால்வைக் காணல்லை சாரே. சின்னது ஒண்ணைப் போட்டுப் பாத்தேன்..."

"வால்வுக்கே ஜோடி சேக்கத் தெரியாதவனுக்கு எனக்க மவளா?" தாசையன் குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

எல்லாம் போயிற்று. கருகிய வால்வைக் கையில் வைத்துக்கொண்டு, எந்தக் கம்பி முதலில் அறுந்தது என்று கலங்கிய கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

தாசையனின் மனைவி எலிசாள் மட்டும் பின்தங்கி நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்தாள். வேதப்புத்தகப் பையைத் திறந்து, கைக்குட்டையில் சுற்றியிருந்த பெரிய வால்வைக் காட்டிவிட்டு, மறுபடியும் உள்ளே வைத்தாள்.

"அவரை நான் பாத்துக்கிடுதேன், மாப்பிளை. நாளைக்கும் இதே மாதிரி ஒரு சின்ன வால்வாப் பாத்துப் போடும்!"