சஹனில் கை வைக்காத சம்பந்தி

மத்திகிரி,
வெள்ளிக்கிழமை.

அன்பு மச்சான் ஃபைஸானுக்கு முனீர் அகமது எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் உன் அக்கா ஜீனத்தும் மகள் ஸோயாவும் நலம். நான் நலமா என்பதைக் கீழே படித்து நீயே முடிவு செய்துகொள். போன் செய்தால் எடுப்பதில்லை, வாட்ஸப்பில் எழுதினால் கட்டைவிரல் பொம்மை அனுப்புகிறாய். அதனால்தான் கடிதம்.

பெருநாளைக்குப் பெங்களூரிலிருந்து வந்தவன், பிரியாணியை மறுபடி மறுபடி வாங்கித் தின்றுவிட்டு என் தொப்பையைத் தட்டி, "பதினாறு மணி நேரம் பட்டினி, எட்டு மணி நேரத்துல சாப்பாடு, அவ்ளோதான் மச்சான்" என்று உபதேசம் செய்தாய். ரமலானில் சொட்டுத் தண்ணீர்கூட இல்லாமல் நோன்பு பிடிக்கிறவனுக்கு இது ஒரு பொருட்டா என்று நானும் தலையாட்டித் தொலைத்தேன். ரமலானில் நம் சனம் முழுக்கச் சேர்ந்து பசித்திருக்கும். இதில் நான் மட்டும் பசித்திருக்க, தெருவே என் மூக்குக்கு நேரே உட்கார்ந்து தின்கிறது. ரமலானில் பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் நோன்பு திறக்கலாம். இங்கே நீ போனில் ஏற்றிக்கொடுத்த ஆப் மணியடிக்க வேண்டும்.

கம்பெனிகளுக்குச் சேஃப்டி ஷூவும் கையுறையும் சப்ளை செய்கிறவன் நான். ஒரு கம்பெனியில் ஸ்டோரைப் பார்த்துக்கொள்கிற பாஸ்கரன் டீ வாங்கிக் கொடுத்துத்தான் ஆர்டர் பேச்சையே எடுப்பார். வேண்டாம் என்றேன். "ஏன் பாய், எம்மேல கோவமா?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆர்டர், டீ குடிக்கிற வேறொருவனுக்குப் போயிற்று. வீட்டுக்காரர் கோவிந்தப்பன் தினமும் கன்னடத்தில் "ஊட்டா ஆய்தா?" என்பார். சாப்பிட்டாயிற்றா என்று பேச்சுக்குக் கேட்பது, ஆயிற்று என்று நடையைக் கட்ட வேண்டியதுதான். பொய் எதற்கு என்று இல்லை என்றேன். மறுநாள் அவர் மனைவி மாதம்மாள் தட்டில் ராகிக் களியோடு வந்து, "புருசனுக்குச் சோறு போடாத அளவுக்கு என்னம்மா கோவம்?" என்று உன் அக்காவிடம் பஞ்சாயத்து வைத்துவிட்டார்.

இதெல்லாம் போகட்டும். போன ஞாயிறு ஸோயாவின் நிக்காஹ் தேதி பேச நானும் ஜீனத்தும் கிருஷ்ணகிரிக்குக் காரில் போனோம். வழியில் குருபரப்பள்ளியில் டயருக்குக் காற்றடிக்க இறங்கினேன். பக்கத்திலேயே பரோட்டாக் கடை. திரும்பியும் பார்க்கவில்லை மச்சான், அப்படி ஒரு வைராக்கியம். கிருஷ்ணகிரியில் மாப்பிள்ளை தௌசிப்பின் அத்தா, எனக்குச் சம்பந்தியாகப் போகிற கரீமுல்லா, பெரிய சஹனில் பிரியாணி வைத்து என்னை நடுவில் உட்கார வைத்தார். ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர். விருந்தாளி கை வைக்காமல் மற்றவர்கள் தொட மாட்டார்கள் என்பது உனக்கே தெரியும். ஆப் மணியடிக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவர்களும் வைத்துக்கொண்டார்கள். பிரியாணி ஆறியது. "கறி சரியில்லீங்களா?" என்றார் கரீமுல்லா. "மணி அடிக்கட்டும்" என்றேன். எந்த மணி, யார் அடிப்பது என்று அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெண் வீட்டுக்காரர் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறார் என்று உள்ளே பெண்கள் பக்கம் சேதி போயிற்று. தேதி பேசாமலே எழுந்து வந்தோம். அன்றிலிருந்து ஸோயா என்னிடம் பேசுவதில்லை. எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்கவில்லை. என் பிள்ளையின் வாழ்க்கையை நானே கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறதடா. நீ உடனே கரீமுல்லாவுக்குப் போன் செய்து, எல்லாம் உன் யோசனை, முனீர் பாவம், சொன்ன வாக்கைக் காப்பாற்றினார் என்று சொல்.

உன் பிள்ளைகளுக்கு என் துஆ. உன் ஆப்புக்குக் கிடையாது.

இப்படிக்கு,
பட்டினியிலும் நேர்மை தவறாத உன் மச்சான்,
முனீர் அகமது

பி.கு: தம்பி, அக்கா எழுதுறேன். கவரை ஒட்டச் சொல்லி உன் மச்சான் எங்கிட்ட கொடுத்தாங்க, படிச்சிட்டேன். நீ யாருக்கும் போன் பண்ண வேணாம். குருபரப்பள்ளியில டயருக்குக் காத்து அடிக்க அரை மணி நேரம் ஆச்சு, திரும்பி வந்தப்ப மீசையில சால்னா. அந்தப் பரோட்டாக் கடைக்காரர் கரீமுல்லா பாய்க்குச் சொந்தக்காரராம். "மத்திகிரிக்காரர் ஒருத்தர், பொண்ணுக்குத் தேதி பேசப் போறேன்னு சொல்லிட்டே ஆறு பரோட்டாவும் கோழி வறுவலும் தின்னுட்டுப் போனாரு"ன்னு அவரே சொல்லிட்டாராம். சம்பந்தியம்மா திங்கக்கிழமையே போன் பண்ணி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. வயித்துல இடமில்லாம தொடலைன்னு தெரிஞ்சதும் அவங்களுக்கு நிம்மதி. அடுத்த மாசம் நிக்காஹ். ஸோயாவுக்கும் தெரியும், சும்மா உம்முன்னு இருக்கா. உன் மச்சானுக்கு மட்டும் சொல்லிடாதே. உன் ஆப் குறைக்காத தொப்பை இந்தப் பயத்துல நல்லா குறையுது. கல்யாண ஷெர்வானிக்கு அளவு எடுக்கிற வரைக்கும் இப்படியே இருக்கட்டும்.