அரை வட்டம் தேடிய தபால் நிஜாம்

ஹைதராபாத் சமஸ்தானத்தின் தபால் துறையை இன்னும் மூடவில்லை என்று நம்பி வாழ்ந்த ஒரே மத்திய அரசு ஊழியர் எங்கள் தபால் நிஜாம்தான். திருநெல்வேலிக்காரர். அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜை, ஹைதராபாத்தின் அல்வால் பகுதியில் எனக்கு அடுத்த தெரு. சொந்தப் பெயர் அவருக்கு உண்டு. ஆனால் வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதில்லை.

சமஸ்தானத்துக் கடித உறைகளையும் நாணயங்களையும் அவர் சேர்த்தார். அவர் வீட்டுக்குப் போனால் முதலில் சோப்புப் போட்டுக் கைகழுவி, தனித் துண்டில் துடைத்துக்கொண்ட பிறகே கூடத்துக்குள் நுழைய முடியும். கூடத்தில் தண்ணீர், காபி, மோர் எதற்கும் அனுமதி கிடையாது. நான் முதல் தடவை போனபோது அவர் மனைவி வாசலிலேயே கேட்டார்: "உங்களுக்குக் காபி வேணுமா, காயின் வேணுமா? ரெண்டும் ஒரே ரூம்ல கிடைக்காது." பால்கனியில் காபி, பிறகு கூடத்தில் காயின் என்று முடிவானது.

உறைகளைப் பூதக்கண்ணாடியால் முன்னும் பின்னும் பார்ப்பார். எந்த ஊரில் முத்திரை குத்தினார்கள், எந்த ஊர் வழியாகப் போனது, என்றைக்குச் சேர்ந்தது என்பதெல்லாம் சொல்லுவார். "உள்ளே என்ன சார் எழுதியிருக்கு?" என்று ஒருமுறை கேட்டுவிட்டேன். முகம் சுளித்தார். "அது அடுத்தவன் லெட்டர்லா. நமக்கு எதுக்குவே?"

அலுவலகக் கிரிக்கெட் போட்டிக்கு டாஸ் போட ஒருநாள் சட்டைப்பையிலிருந்து சார்மினார் பொறித்த வெள்ளி ரூபாயை எடுத்தார். சார்மினார் தலையா பூவா என்று இரண்டு கேப்டன்களும் கால்மணி நேரம் விவாதித்தார்கள். ஒருவழியாகச் சுண்டினார். காசு தரையில் பட்டால் விளிம்பு நசுங்கிவிடும் என்று பாதியிலேயே பாய்ந்து பிடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். நான்கு முறை சுண்டினார், நான்கு முறையும் பிடித்தார். அந்தப் போட்டி டாஸ் இல்லாமலே நடந்தது.

அவருக்கு ஒரே ஒரு குறை இருந்தது. ஒரு தாலுகாவின் எல்லாத் தபால் நிலைய முத்திரைகளையும் சேர்த்திருந்தார், ஒன்றைத் தவிர. அந்த ஊர் அணை கட்டியபோது தண்ணீருக்குள் போய்விட்டது. பதினோரு வருடமாகத் தேடினார். ஒருமுறை அணைக்கே போய், நாளெல்லாம் தண்ணீரைப் பார்த்துவிட்டுக் கறுத்துத் திரும்பினார். "ஊருதான் இல்ல. முத்திரையாவது எங்கயாவது இருக்கணும்லாவே" என்பார். தபால்தலைக் கண்காட்சிக்கென்று செய்த கண்ணாடிச் சட்டங்களில் அந்த ஊருக்கான ஒன்றைக் காலியாகவே வைத்திருந்தார்.

இந்த நிலையில்தான் நான் அவருக்கு ஒரு நன்மை செய்யப் புறப்பட்டேன்.

எங்கள் வீட்டுக்கார அம்மா பரணைச் சுத்தம் செய்தபோது மாமனார் காலத்துக் கடிதக் கட்டு ஒன்றை என்னிடம் தந்தார். தபால் நிஜாம் தன் உறைகளிலிருந்து தபால்தலைகளைக் கழற்றாமல் வைத்திருப்பது சோம்பலால் என்றே நான் மூன்று வருடமாக நினைத்திருந்தேன். எனக்கு ஒழுங்கு முக்கியம். ஸ்கேல் வைத்து, பிளேடால் நாற்பத்தொரு தலைகளையும் நேர்கோட்டில் வெட்டி எடுத்தேன். வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, உலர்த்தி, நிறவாரியாக ஆல்பத்தில் அடுக்கினேன். எந்தத் தலை எந்த உறையில் இருந்தது என்று டைரியில் பட்டியலும் போட்டேன்.

அடுத்த நாள் கைகழுவிவிட்டு ஆல்பத்தை நீட்டினேன். "ரொம்ப நீட்டா இருக்குவே" என்று மரியாதைக்குச் சொல்லிக்கொண்டே புரட்டினார். மூன்றாம் வரிசையில் பூதக்கண்ணாடி நின்றது. ஒரு ஊதாத் தலையின் மேல் முத்திரையின் பாதி வட்டம் இருந்தது. தண்ணீருக்குள் போன அந்த ஊர்ப் பெயரின் முதல் இரண்டு எழுத்துகள் அதில் இருந்தன.

"மீதி எங்க?"

"எந்த மீதி சார்?"

"இது ஒட்டியிருந்த உறைவே. மீதி வட்டம் அதுலதான இருக்கும்."

"அது அழுக்கா இருந்தது சார். பழைய பேப்பர்காரர்ட்ட போட்டுட்டேன்."

அவர் பூதக்கண்ணாடியைக் கீழே வைத்தார். அவர் மனைவி ஒரு செம்புத் தண்ணீரோடு கூடத்துக்குள் வந்தார். அவர் அதை வாங்கிக் கூடத்திலேயே குடித்தார். நான் செய்தது என்னவென்று அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது.

டைரியைப் புரட்டினேன். 'காலை 9.40. பழைய பேப்பர். 6 கிலோ 200. நீலக் கூடை கட்டிய தள்ளுவண்டி. கடை ரயில்வே கேட் அருகே.' அவர் படித்துப் பார்த்து, "இதையெல்லாமா எழுதுவீரு?" என்று கேட்டபடியே ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

கடைக்காரர் பதறவில்லை. "கைக்கு பரேஷான் ஹோரே சாப்? மால் இதரிச் ஹை" என்று ஹைதராபாத் உருதுவில் சொன்னார்; எதற்குப் பதற்றம், சரக்கு இங்கேயேதான் இருக்கிறது என்று ஒரு மூலையைக் காட்டினார். ஆள் உயரத்துக்குக் காகிதக் குவியல். நிஜாம் முதலில் தண்ணீர் கேட்டார். பையிலிருந்து சோப்பை எடுத்துக் கைகழுவினார். குப்பையைத் தொட்டபின் கழுவுகிறவர்களையே பார்த்திருந்த கடைக்காரர், வாய் திறந்தபடி நின்றார்.

மூன்று மணி நேரம் தேடினோம். என் பட்டியலில் பதினேழாம் எண். சதுர ஓட்டையோடு ஒரு பழுப்பு உறை. நிஜாம் அதை முழங்காலில் வைத்து, ஊதாத் தலையை இடுக்கியால் ஓட்டைக்குள் இறக்கினார். வட்டம் முழுதானது.

"சேந்துட்டுவே" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார்.

கண்காட்சியில் அந்தச் சட்டத்தின் முன்னால் சென்னை நடுவர் ஒருவர் நின்றார். "யாருங்க இப்படி வெட்டினது?"

"வீட்ல எலி சார்" என்றார் நிஜாம்.

"எலி ஸ்கேல் வெச்சா வெட்டும்?"

"எங்க அல்வால் எலி ரொம்ப ஒழுங்கு சார்."

பரிசு கிடைக்கவில்லை. உறையின் கீழே ஒரு சின்ன அட்டை இருந்தது. 'கண்டெடுத்தவர்' என்று போட்டு, இனிஷியல் பிசகாமல் என் பெயரை எழுதியிருந்தார். வெட்டியவர் யார் என்பதை இன்றுவரை அவர் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது நானே சொல்லிவிட்டேன்.

ஓய்வுபெற்றுத் திருநெல்வேலிக்கே போய்விட்டார். போனில் பேச மாட்டார், கடிதம்தான். ஒவ்வோர் உறையிலும் தபால்தலையைச் சுற்றிப் புள்ளிக்கோடு போட்டு, பக்கத்தில் ஒரு கத்தரிக்கோல் வரைந்து அனுப்புகிறார்.

இதுவரை பதினான்கு வந்திருக்கின்றன. கைகழுவிவிட்டுத்தான் எடுக்கிறேன். ஒன்றைக்கூட வெட்டவில்லை.